கழற்றி வைத்த அழைப்பு மணி

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், எங்கள் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். முதலில் முக்கியமான செய்தி. சென்ற வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நானும் உன் அம்மாவும் கூடிப் பேசி, வாசல் அழைப்பு மணியைக் கழற்றிவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். நான் முன்மொழிந்தேன், அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடம் உழைத்த மணி இப்போது சமையலறை இழுப்பறையில் தீர்ந்துபோன பேட்டரிகளோடு ஓய்வெடுக்கிறது.

ஏன் என்று கேட்பாய். உன் தங்கை போனை எடுப்பதில்லையே என்று நீ கேட்டபோதெல்லாம், ஆஸ்பத்திரியில் வேலை அதிகம் என்று உன் அம்மா சொன்னது பொய், சொல்லிக்கொடுத்தவன் நான். இரண்டு மாதத்துக்கு முன் ஒருவன் அவளை ஆஸ்பத்திரியில் அவள் நோயாளிகளைப் பார்க்கும் அறையிலேயே வைத்து அடித்துவிட்டான். காய்ச்சலில் கிடந்த தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவன். உள்ளே வேறொரு குழந்தைக்கு வலிப்பு, அதனால் கொஞ்சம் காத்திருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். இருபது நிமிடம் காத்திருந்தான். பிறகு உள்ளே போய், அவள் கழுத்தில் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து முறுக்கி, சுவரில் மோதினான். நீ முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பியது அது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனால் பழையது தேய்ந்திருக்கும், புதிது அனுப்பட்டுமா என்று போன வாரம் கேட்டாய். அனுப்ப வேண்டாம். மற்றவர்கள் அவனை இழுத்துப்போன பிறகு, இவள் கழுத்தைத் தடவிக்கொண்டே அவன் பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லி, பார்த்து, மருந்தும் எழுதிக் கொடுத்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அன்றைக்குத்தான் டாக்டரின் கையெழுத்து முதன்முதலாகப் புரிந்தது என்றார் நர்ஸ். போலீஸ் அவனை ஒருநாள் உட்கார வைத்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டது. ஆஸ்பத்திரியும் சும்மா இருக்கவில்லை. ஒரு குழு மூன்று முறை கூடி, டாக்டர்களை அடிக்கக் கூடாது என்று பலகை வைத்தது. காவலாளிக்கு ஒரு விசில் கொடுத்தார்கள், எப்போது ஊதுவது என்பது பரிசீலனையில் இருக்கிறது. இனிமேல் காத்திருக்கச் சொல்லும்போது சிரித்த முகமாகச் சொல்லவும் என்று இவளுக்கு எழுத்துமூலம் அறிவுரை வந்தது.

கழுத்துக் காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டாள், கழுத்தில் எதுவும் படக் கூடாது. வாசலைப் பார்த்த நாற்காலியில்தான் சாப்பிடுவாள். உன் அம்மா பின்னாலிருந்து தோளைத் தொட்டதற்கு ஒருநாள் தட்டைப் போட்டுவிட்டு, அப்புறம் அவளிடமே மன்னிப்புக் கேட்டு அழுதாள். உன் சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, நாலு நாள் ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும் என்றார். சளி பிடித்தாலும் அவர் அதையேதான் சொல்வார். மனநல மருத்துவரிடம் வாரம் ஒருமுறை போய்வந்ததில் மெல்லத் தேறினாள். கண்ணாடி முன் நின்று, கொஞ்சம் காத்திருங்கள், தயவுசெய்து கொஞ்சம் காத்திருங்கள் என்று விதவிதமாகச் சிரித்த முகத்தோடு சொல்லிப் பழகுவாள். நான் பேப்பர் படிப்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பேன். திங்கள்கிழமை வேலையில் சேருவதாக இருந்தாள், வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டாகிவிட்டது.

அதற்கு முந்தைய புதன்கிழமை மணி அடித்தது. கையில் ஆப்பிள் பையோடு ஒருவர். டாக்டரம்மா இருக்காங்களா, எம் புள்ளைய காப்பாத்தினாங்க, ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன் என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதே. நன்றி சொல்ல ஒரு ஆள் வந்தால் போதும், பெண் குணமாகிவிடுவாள் என்று நினைத்தேன். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவர் கண் கலங்கியதைப் பார்த்து என் கைக்குட்டையையும் கொடுத்தேன். உள்ளே பார்த்து, உன்னைத் தேடி வந்திருக்காரும்மா, சீக்கிரம் வா, காக்க வைக்காதே என்று குரல் கொடுத்தேன். அவன் முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் வந்து பார்த்தாள். கத்தவில்லை. பழகி வைத்திருந்த அதே குரலில், சிரித்த முகத்தோடு, கொஞ்சம் காத்திருங்கள் என்று சொல்லிவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மூன்று மணி நேரம். அவன் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான், நிஜமாகவே அழுதான். பார்க்கக் கெட்டவனாகவும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. வெளியே வந்தவள் என்னைத் திட்டவில்லை, உங்களுக்கு எப்படிப்பா தெரியும் என்றாள். திட்டியிருக்கலாம். திங்கள்கிழமை போனாள், ரத்தப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அங்கே ஆட்கள் வரமாட்டார்கள், அவர்கள் ரத்தம் மட்டும் குழாயில் வரும் என்று உன் அம்மாவுக்கு விளக்கினாள்.

நீ அவளுக்குப் போன் செய். இதைப் பற்றி ஒன்றும் கேட்காதே, உன் பிள்ளைகளின் சேட்டையைச் சொல், அதற்குச் சிரிக்கிறாள். ஊருக்கு வந்தால் திடீரென்று வந்து நிற்காதே, தெருமுனையிலிருந்தே போன் செய்துவிட்டு வா. வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் எல்லோரும் நீண்ட நாள் நல்லபடியாக இருக்க வேண்டும்.

உன் நலம் நாடும்
அப்பா

பின்குறிப்பு: அந்த ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு வேறு டாக்டர் இல்லை. அவளுடைய நாலாம் நம்பர் அறையில் இப்போது உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்கள்.