செவலைக்கு ஒட்டிய பெட்டிகள்

இன்று காலை எதிர்ச் சுவரில் உன் பதினாறாம் நாள் போஸ்டரை ஒட்டிவிட்டுப் போனார்கள். பசை வாசம் இன்னும் வீட்டுக்குள் நிற்கிறது. மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் கலந்த அந்த வாசத்தில்தான் நீயும் நானும் பாதி வயதைக் கழித்தோம். போஸ்டரில் உன்னை 'அமைதியின் திருவுருவம்' என்று போட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. நீ என்றைக்கடி அமைதியாக இருந்தாய்? உன் பிள்ளைகளுக்குத் தெரியாததையும், உனக்கே தெரியாத ஒன்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கோவில்பட்டியில் வரிசை வீடுகள் கொண்ட ஒரே வளவில் குடியிருந்தோம். உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தீப்பெட்டி ஆபீசிலிருந்து அட்டை வாங்கிவந்து ஆளுக்கொரு பசைச் சட்டியோடு பெட்டி ஒட்டுவோம். உன் செவலை நாயை மெயின் ரோட்டில் ஒரு லாரி தட்டிவிட்டது அப்போதுதான். மாட்டாஸ்பத்திரியில் பின்னங்காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். நாற்பது நாள் ஓடவோ குதிக்கவோ கூடாது, கட்டியே போட வேண்டும் என்றார் டாக்டர். தெருவில் ஒரு சைக்கிளை விடாமல் துரத்திய நாய் அது. மூன்றாம் நாள் மாவுக்கட்டைக் கடிக்க ஆரம்பித்தது, நான்காம் நாள் ஊளையிட்டது.

வீட்டுக்கார அண்ணாச்சி அன்றைக்கே வந்துவிட்டார். நாய் ஊளையிட்டால் அங்கே சாவு விழும் என்று நம்புகிறவர்.

"இன்னொரு தடவ ஊளை கேட்டுச்சுன்னா நகராட்சி வண்டிய வரச் சொல்லிருவேன், பாத்துக்க."

நகராட்சி வண்டியில் ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை. ஆக, நாற்பது நாளும் செவலை வாய் திறக்கக் கூடாது. நான் கையைப் பிசைந்தேன். நீ பசைச் சட்டியைக் கழுவினாய்.

"சும்மா கெடன்னா அது கெடக்குமாட்டி? அதுக்கு ஒரு வேலை குடுக்கணும்லா" என்றாய்.

துத்தம் போடாத வெறும் மைதாப் பசை காய்ச்சினாய். வெட்டுப்பட்ட அட்டைகளை எடுத்துச் செவலைக்கென்று தனியாகப் பெட்டி ஒட்டினாய். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கருவாடோ வறுத்த கடலையோ வைத்து மூடி, அதன் முன்னால் போட்டாய். முதல் நாள் பெட்டியோடு மென்று தின்றது. ஒரு வாரத்தில் முன்னங்காலால் மேல்பெட்டியை அமுக்கிக்கொண்டு, மூக்கால் உள்பெட்டியைத் தள்ளித் திறக்கப் பழகிவிட்டது. உடனே நீ சாக்குக்கு அடியில் ஒளித்துவைத்தாய். அதையும் கண்டுபிடித்தது. ஊருக்கு வெளியே போய் ஒரு பேசின் நிறையக் கரிசல் மண் அள்ளிவந்து, அதில் பெட்டியைப் புதைத்துப் படுத்தபடியே தோண்ட வைத்தாய். அரை நாள் அதிலேயே கழிந்துவிடும்.

வளவே சிரித்தது. "பெத்த பிள்ளைக்கு வெளாட்டுக் காட்ட நேரமில்ல, இவ நாய்க்குக் காட்டுதா" என்றார்கள்.

"ஆமா, காட்டுதேன். உங்களுக்கும் வேணும்னா வரிசைல வந்து நில்லுங்க" என்றாய்.

இருபத்தைந்தாம் நாளோ என்னவோ, கயத்தாற்றில் ஒரு கல்யாணத்துக்குப் போனாய். "மஞ்சப்பைல இருக்க பெட்டிய மட்டும் குடு" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாய். மத்தியானத்துக்குள் பை காலி. செவலை முனக ஆரம்பித்தது. ஊளையிட்டுவிடுமோ என்று பதறி, ஆபீசுக்குக் கட்டி வைத்திருந்த என் பெட்டிகளில் நாலை எடுத்துக் கடலை போட்டுக் கொடுத்தேன். துத்தம் விஷம் என்று என் பிள்ளைகளை நூறு தடவை அடித்திருப்பேன். என் நகக்கண்ணெல்லாம் அந்த நீலம்தான். ஆனாலும் அந்த நேரத்துக்குத் தோன்றவில்லை. பெட்டி புதிது, இறுக்கமாக இருந்தது. திறக்க வராமல் செவலை கடித்துத் தின்றுவிட்டது.

வாந்தி எடுத்தது. பிறகு, வளவு முழுக்கக் கேட்கும்படி ஊளையிட்டது.

அண்ணாச்சி வந்து நின்றார். "அவ எங்க போனா? இப்ப நாய யாரு பாத்துக்கிடுதா?"

இதைத்தான் உன்னிடம் நான் சொன்னதேயில்லை. "எனக்குத் தெரியாது அண்ணாச்சி. எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் நகராட்சிக்குப் போன் போட்டார்.

வண்டியும் நீயும் ஒன்றாகத்தான் வந்தீர்கள். பட்டுச் சேலையோடு நாய் எடுத்த வாந்தியில் உட்கார்ந்து, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாய். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊளை விட்டா சாவு வரும்னா மொதல்ல எனக்கு வரட்டும். தூக்குததா இருந்தா ரெண்டு பேரையும் சேத்துத் தூக்குங்க" என்றாய்.

வண்டிக்காரர் மாவுக்கட்டைப் பார்த்தார். "ஆஸ்பத்திரில கட்டுப் போட்ட நாய எப்படி அண்ணாச்சி கொண்டுபோக?" என்று வண்டியைத் திருப்பினார். அண்ணாச்சிக்கு முகம் செத்துப்போயிற்று. வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்.

"கட்டுப் பிரிச்ச மறுநாள் பண்ணுதேன். அதுக்கு முன்னால ஒரு நாள் கூடக் கெடையாது" என்றாய்.

வாந்தி எடுத்ததால் நாய் பிழைத்தது என்று மாட்டாஸ்பத்திரியில் சொன்னார்கள். பெட்டி மாறிய விஷயத்தை உன்னிடம் ஒப்புக்கொண்டேன். நீ திட்டவில்லை. "பயந்துட்டயாட்டி?" என்று மட்டும் கேட்டாய். அப்போதே மற்றதையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாற்பத்தோராம் நாள், நொண்டி நொண்டி நடந்த செவலையோடு நீ வேறு தெருவுக்குப் போனாய். நான் அதே வளவில் இருந்தேன். உன் வீட்டுக்கு நான் வரும்போதெல்லாம், அது சாகும்வரைக்கும், என்னைப் பார்த்துத்தான் முதலில் வாலாட்டும். என்னால் அதன் முகத்தைப் பார்க்க முடியாது.

உன்னைத் தூக்கிய அன்று, தெருமுனையில் பெண்களை நிறுத்தினார்கள். எல்லோரும் நின்றோம். பாடை நகர்ந்தது. நான் மட்டும் பின்னாலேயே நடந்தேன். உன் சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

"பொம்பளைக இதுக்கு மேல வரக்கூடாதும்மா. நீங்க யாரு? அவியளுக்கு என்ன வேணும்?"

சொந்தமில்லை, சாதிசனமில்லை. பக்கத்து வீடு என்று சொல்லவும் இப்போது வழியில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அன்றைக்கு ஜன்னலுக்குப் பின்னால் நின்றவளும் நான்தான்.

"அவ என் ஆளு. நான் வருவேன்" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். சுடுகாடு வரைக்கும் வந்தேன், ஏட்டி. இந்தத் தடவை தெரியாது என்று சொல்லவில்லை.