நான் ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்

யேசு மரி சூசை துணை

விடத்தல்தீவு
24.11.2013

அன்புள்ள மச்சான் எட்வேட்டுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை, இந்த முறை மெய்யாகவே சுகம். மழை தொடங்கிவிட்டது. தற்காலிக வீட்டின் தகரக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. அதில் ஒன்று சரியாக என் தலையணைக்கு மேலே. கட்டிலை இழுத்துப் போடலாம்தான். இழுத்தால் உம்முடைய தங்கச்சி அன்ரோனெற்றின் தலைக்கு மேலே வரும், அதைவிட நான் நனைவது நல்லது.

போனில் சொல்லலாமே என்று கேட்பீர். நான் கதைக்கத் தொடங்கினால் விசயத்துக்கு வருமுன் போன் காட்டில் காசு முடிந்துவிடும் என்பது உமக்கே தெரியும். அதோடு நீரும் ஆவணிக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ரொறன்ரோவிலிருந்து எங்களுக்குப் போன் எடுப்பதில்லை. அப்பாவுக்கு என்னைத் தெரியவில்லை, பிறகு எடுத்து என்ன பிரயோசனம் என்று அன்ரோனெற்றிடம் சொல்லியிருந்தீர். அவரைக் கன்னியாஸ்திரிகளின் முதியோர் இல்லத்தில் சேர்க்க ஒழுங்கு பார்க்கச் சொல்லியும் இருந்தீர். தையில் அங்கே ஒரு கட்டில் காலியாகிறதாம். முடிவு கேட்டு சிஸ்டர் ஆள் அனுப்பிவிட்டா. உம்முடைய சம்மதம் இல்லாமல் ஓம் என்றோ இல்லையென்றோ சொல்ல நாங்கள் விரும்பவில்லை. ஆனபடியால் இந்தக் கடிதத்தைக் கடைசிவரை வாசித்துவிட்டு உம்முடைய முடிவைச் சொல்லும்.

மாமா எப்படி ஆகியிருந்தார் என்று நீர் கண்ணால் காணவில்லை. சண்டை முடிந்து, முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கிப் போனார். கடற்கரைப் பக்கம் போகவே மாட்டார். பிளாஸ்ரிக் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு இருப்பார். சாப்பாட்டை வைத்தால் நாலு வாய், வைக்காவிட்டால் அதுவும் இல்லை. முன்பு என்னைப் பகிடி பண்ணாமல் அவருக்குத் தேத்தண்ணி இறங்காதே. கடலோடியின் மகளைக் கட்டிவிட்டு வள்ளத்தில் ஏறியவுடன் வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுக்கும் ஒரே மருமகன் நான்தானே. மீனவர் சங்கக் கந்தோரில் கணக்கெழுதும் நான் பேனை பிடித்துத்தான் மீன் பிடிப்பதாகச் சொல்லிச் சிரிப்பார். வருகிற ஆட்களுக்கு என்னை அறிமுகப்படுத்துகிற விதமே தனி: "இவர் என்ர மருமோன். தரையில நல்லா நிப்பார்." அப்படியான மனுசன் என்னை ஏறெடுத்துப் பார்ப்பதையே விட்டுவிட்டார். பகிடி நின்றதில் முதலில் எனக்குச் சந்தோசம்தான், பிறகு பயம் பிடித்துவிட்டது.

வயசு போனால் இப்படித்தான், மூளை தேய்கிறது என்று ஊர் முழுக்க ஒரே தீர்ப்பு. தீர்ப்பு வந்த பிறகும் சோதனைகள் ஓயவில்லை. வாசலில் வருகிற ஒவ்வொருவரும் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், நான் ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம் என்று கேட்பார்கள். காலையில் கோப்பி கொடுக்கும்போது நானும் கேட்பேன். ரொறன்ரோவிலிருந்து நீர் கேட்பீர். பாடசாலைப் பிள்ளைக்கும் இத்தனை சோதனை வைக்க மாட்டார்கள். நீர் கேட்ட முதல் இரண்டு முறையும் அவர் மில்ரன் என்று சொன்னார். அது மில்ரனில்லை அப்பா, எட்வேட் என்று நாங்கள் திருத்தினோம். மூன்றாம் முறை வாயே திறக்கவில்லை. சண்டையில் காணாமற்போன உம்முடைய கடைக்குட்டித் தம்பியின் பெயரைக் கேட்டால் எங்களுக்கும் தாங்காது என்று, அன்ரோனெற் மில்ரனின் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டா. அந்தப் பெயரை வீட்டில் எவரும் எடுக்கக் கூடாதென்று நாங்களே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டோம்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். புரட்டாதியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. திரும்பிக் குடியேறிய ஊர்களில் வயசுபோன ஆட்களின் மனநிலை எப்படி இருக்கிறது என்று வீடுவீடாகக் கேட்க வந்தவர்கள். இங்கே நிலைமை என்னவென்றால், ஜீப்பில் பேனையும் பைலுமாக ஆர் இறங்கினாலும் எங்கள் சனத்துக்கு அது நிவாரணமாகத் தரும் ஆடு, தையல் மெசின், வீட்டுத்திட்டம் இந்த மூன்றில் ஒன்றுதான். இத்தனை வருசத்தில் இத்தனை கணக்கெடுப்பு வந்து போயிருக்கிறது, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதில் நாங்கள் எல்லோரும் பட்டதாரிகள். பக்கத்து வீட்டு றஞ்சிதம் அக்கா ஆராய்ந்து கண்டுபிடித்தது: மறதி கூடுதலாக இருந்தால் உதவிக்குப் புள்ளியும் கூடுதலாக விழும். தன் மனுசனுக்கு ஒத்திகையும் வைத்தா. நீ ஆரடி, உன்னை நான் முன்னப்பின்னக் கண்டதில்லை என்று அவர் சொல்ல வேண்டும். முப்பது வருச ஆசை போலும், மனுசன் ஒரே தடவையில் பிசகில்லாமல் சொல்லிவிட்டார்.

நானும் சும்மா இருக்கவில்லை. மாமாவுக்குப் பக்கத்தில் குந்தி, என்ன கேட்டாலும் தெரியாது என்று தலையாட்டுங்கோ, வீட்டுத்திட்டத்தில் எங்கள் பெயர் மேலே வரும் என்று பாடம் எடுத்தேன். ஏற்கெனவே வாய் திறக்காத மனுசனுக்கு வாய் திறக்காமலிருக்கச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

வந்தவ டொக்டர் தனுசியா. கடலில்லாத உட்பக்கத்து ஊரில் ஒரு வயற்காரக் குடும்பத்துப் பிள்ளை, மனநல வைத்தியம் படித்தவ. வந்ததும் முதல் வேலையாக, இதால ஆடும் வராது, வீடும் வராது, விருப்பமில்லாட்டிப் பதில் சொல்லத் தேவையில்லை என்று சொன்னா. அப்படிச் சொன்னால்தான் பெரிய உதவி வரும் என்று றஞ்சிதம் அக்கா வேலிக்கு அந்தப்பக்கமிருந்து எனக்குக் கண்காட்டினா.

டொக்டர் மாமாவுக்கு முன்னால் நிலத்தில் பாயைப் போட்டு இருந்தா. நான் ஆரெண்டு சொல்லுங்கோ என்று கேட்கவில்லை. ஐயா, நான் தனுசியா, டொக்டர், உங்களோட கொஞ்சம் கதைக்க வந்தனான் என்று தொடங்கினா. மூன்று சொல்லுச் சொல்லி, பிறகு கேட்பேன், ஞாபகம் வைத்திருங்கோ என்றா: கதிரை, தோடம்பழம், திறப்பு. அடுத்தது இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டா. மாமா தலையாட்டுவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், வியாழக்கிழமை என்கிறார். மாதம், வருசம், மாவட்டம் எல்லாம் சரி. நான் இருமுகிறேன், கண்ணைக் காட்டுகிறேன், மனுசன் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. டொக்டர்தான் பார்த்தா. அண்ணை, எனக்கு ஒரு தேத்தண்ணி வேணும் என்று என்னை எழுப்பி அனுப்பிவிட்டா.

சுடுதண்ணிக் கேத்தலும் கையுமாகத் தகரச் சுவருக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்பதில் எனக்குள்ள பெயரை நீர் அறிவீர். ஆனால் அன்றைக்குக் கேட்டதை நான் ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அன்ரோனெற்றுக்குச் சொன்னேன், இப்போது உமக்கு எழுதுகிறேன்.

பிள்ளையளோட கதைக்கிறனீங்களோ ஐயா என்று டொக்டர் கேட்டா. பிறகு மாமா சொன்னார்:

"எட்வேட்டின்ர குரலும் மில்ரன்ர குரலும் ஒண்டு. போனைக் காதில வைச்சா மில்ரன்தான் கூப்பிடுறான். நான் ஆரெண்டு சொல்லுங்கோ அப்பா எண்டு கேக்கிறான். விட்டிட்டு வந்த மிசினை எடுத்துக்கொண்டு வா எண்டு அவனைத் திருப்பி அனுப்பினது நான்தானே. நான் அவனுக்கு என்னத்தைச் சொல்ல?"

வள்ளத்து மிசின். சண்டையில் இடம்பெயர்ந்து ஓடும்போது ஆரோ ஒருவரின் வளவில் இறக்கி வைத்த மிசின். மில்ரன் அதற்காகத்தான் திரும்பிப் போனவன் என்பது நாலு வருசமாக எங்கள் ஒருவருக்கும் தெரியாது, மச்சான். கேத்தல் சூட்டில் என் கை கொப்பளித்ததைக்கூடப் பிறகுதான் கண்டேன்.

இரத்தம், தைரொயிட், தலை ஸ்கான் எல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு டொக்டர் எங்களை இருத்தி விளக்கினா. இது மூளை தேய்கிற வருத்தமில்லை, மனச்சோர்வு. வயசுபோன ஆட்களுக்கு அது வந்தால் அழுகையாக வெளியே வராமல், மறதி மாதிரியும் ஒதுங்கல் மாதிரியும் நிற்குமாம். வீட்டுக்காரர் வயசு என்று விட்டுவிடுவார்களாம். அவர்கள் ஆராய்வதே அதைத்தானாம். வைத்தியம் இருக்கிறது, குளிசை வேலை செய்யச் சில கிழமை எடுக்கும், மாற்றத்தைக் காணேல்லை எண்டு நிப்பாட்டிப் போடாதேங்கோ என்று இரண்டு தரம் சொன்னா.

டொக்டர் முதல்முதல் வீட்டுக்கு வந்துபோன அன்று இரவு சாப்பிடும்போது மாமா திடீரென்று, "கதிரை, தோடம்பழம், திறப்பு" என்றார். அன்ரோனெற் கையிலிருந்த கோப்பையை விட்டுவிட்டா. இருந்ததும் போய்விட்டது என்று நான் சிலுவை போட்டுக்கொண்டேன். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அந்தப் பிள்ளை திருப்பிக் கேக்க மறந்திட்டுது."

மாதா மாதம் மன்னாருக்கு மனநலக் கிளினிக் போகிறோம். அதை ஊர் எப்படிப் பேசும் என்று நீர் கவலைப்படுவீர். முதல் தடவை நாங்களும் பிரசர் பார்க்கப் போவதாகத்தான் சொன்னோம். அதே பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர் வேறு சிலரும் இருந்தார்கள், எல்லோருக்கும் பிரசராம். கிளினிக்கின் நீள வாங்கில் எல்லோரும் ஒரே வரிசையில் இருந்து முகத்தைப் பார்த்தபோதுதான் சிரிப்பு வந்தது. போன மாதம் றஞ்சிதம் அக்காவும் மனுசனைக் கூட்டிக்கொண்டு வந்தா. அந்த ஆள் இரவில் நித்திரை இல்லாமல் நடந்து திரிகிறாராம், ஒத்திகைக்கு வெளியே உண்மையாகவே ஏதோ இருந்திருக்கிறது.

முதல் கிழமைகளில் ஒன்றும் தெரியவில்லை. குளிசையை விட்டுவிடலாமோ என்று நானே முணுமுணுத்தேன். பிறகு ஒருநாள் கதிரை வாசல் பக்கம் திரும்பியிருந்தது. பிறகு மில்ரனின் படம் எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தோம், தானே ஆணி அடித்து மாட்டினார். போன ஞாயிறு பூசைக்குக் காணிக்கை கொடுத்தார். செத்தவரின் ஆத்ம இளைப்பாற்றிக்கோ, உயிரோடு இருக்கிறவரின் சுகத்துக்கோ என்று பாதர் கேட்டிருக்கிறார். மில்ரனுக்காக என்று மட்டும் சொன்னாராம். பாதரும் மில்ரனுக்காக என்று மட்டும் வாசித்தார், அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

போன கிழமை சங்கத்திலிருந்து புதிய ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மாமா என்னைக் கைகாட்டி, தரையில நல்லா நிப்பார் என்றார். உம்முடைய தங்கச்சி அடுப்படிக்குள் ஓடிப்போய் அழுதா. என்னை ஒருவர் அவமானப்படுத்தியதற்காக அவ சந்தோசத்தில் அழுதது நாங்கள் கல்யாணம் முடித்த பிறகு இதுதான் முதல் தடவை.

எல்லாம் சரி என்று பொய் எழுதமாட்டேன். சில காலைகளில் கதிரை திரும்பவும் சுவர்ப்பக்கம் போய்விடுகிறது. அப்படியான நாளில் நான் எதையும் கேட்காமல் என் கதிரையையும் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுப் பக்கத்தில் இருக்கிறேன். ஊர் இரண்டு பேருக்கும் வருத்தம் என்று கதைக்கிறது, கதைக்கட்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, ஆருக்கு எழுதிறீர் என்று மாமா கேட்டார். பழக்கதோசத்தில் நான், ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம் என்றுவிட்டேன். அன்ரோனெற் பார்த்த பார்வையில் பேனை மை உறைந்துவிட்டது. மாமா சொன்னார்: "ஆருக்கெண்டு தெரியாமலே இவ்வளவும் எழுதிப் போட்டீரோ?" எட்வேட்டுக்கு என்றேன். வாசலால் மழையை எட்டிப் பார்த்தார். பிறகு, "அங்க குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகச் சொல்லி எழுதும்" என்றார்.

எழுதிவிட்டேன், மச்சான். இந்தக் கடிதம் உம்முடைய கைக்கு வரும்வரை ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து போனுக்குப் பக்கத்தில் இருப்போம். எடும். எடுத்தவுடன், அப்பா, நான் எட்வேட் என்று நீரே சொல்லிவிடும். அவர் மில்ரனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் கதையை மாற்ற வேண்டாம். கட்டிலைப் பற்றிச் சிஸ்டருக்கு என்ன சொல்வது என்பதை அதற்குப் பிறகு நீரே சொல்லும். உமக்கும் மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் மடுமாதா காவலாக நிற்கட்டும்.

காதை மூடும்.

இப்படிக்கு,
தரையில் நல்லா நிற்கும் மச்சான்
பஸ்ரியன்