சந்தனத்தின் ஈறு நிறம்

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். மந்தைவெளி முழுக்கச் சேறு. மெடிக்கல் ஷாப்பில் மானம் போனது. இனி கொஞ்ச நாளைக்கு அந்தத் தெரு வழியாகப் போவதாக இல்லை.

கேட்டது ஊசி இல்லாத சிரிஞ்ச் நாலு, பஞ்சு ஒரு கட்டு. பால் புகட்ட.

"குழந்தைக்கு எத்தனை நாள் சார் ஆச்சு?"

"இருபது நாள் இருக்கும்."

பேரனா பேத்தியா என்று கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன். கடைக்காரர் என் நரைத்த மீசையைப் பார்த்தார், சிரித்தார், கை கொடுத்தார். "சொல்லவே இல்லியே சார். அம்மா எப்படி இருக்காங்க?"

"அம்மா எங்கன்னே தெரியல" என்றேன். உண்மைதானே. பின்னால் நின்ற இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"எடை?"

"இருநூத்தி எண்பது கிராம்."

அவர் கை அப்படியே நின்றது. "பூனைக்குட்டி" என்றேன். முதல் தடவை குரல் வரவில்லை. இரண்டாவது தடவை சொன்னது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

எல்லாம் என் பெண் நித்யாவின் வேலை. காலேஜில் மூன்றாம் வருஷம். தெரு நாய், பூனைகளைக் காப்பாற்றுகிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறாள். லஸ் பக்கம் யாருடைய கார் பானெட்டுக்குள்ளோ மூன்று குட்டிகள், தாய் வரவில்லை, சளி, கண் ஒட்டியிருக்கிறது, யார் வைத்துக்கொள்வது என்று கேட்டார்களாம். இருநூறு பேர் இருக்கிற குழுவில் என் பெண் ஒருத்திதான் கை தூக்கினாள். "வளர்க்க இல்லப்பா. யாராவது தத்து எடுக்கிற வரைக்கும். ரெண்டே வாரம்."

அவள் வைத்த பெயர்கள் வாயில் நுழையவில்லை. நான் வேலை பார்க்கிற துணிக்கடை வழக்கப்படி நிறத்தின் பெயரையே வைத்துவிட்டேன். மஞ்சளாக இருப்பது கடுகு. அடுத்தது சாம்பல். மூன்றிலும் சின்னது, வெளிர் நிறம், சந்தனம்.

இடம்: ஸ்டோர் ரூம். ஜன்னல் இல்லை, குளிராது. அட்டைப் பெட்டிக்கு மேலே சூட்டுக்கு ஒரு அறுபது வாட் மஞ்சள் பல்பு. என் மனைவி செல்வி கேன்டீன் வேலை முடிந்து வந்து எட்டிப் பார்த்தாள். "அரிசி மூட்டை எங்கய்யா?" கட்டிலுக்கு அடியில் என்றேன். "அப்ப நீயும் அங்கயே படு."

பால் பவுடர் டின், சின்னது, ரூ. 1,450. நான் குடிப்பது ஆவின் பச்சை பாக்கெட்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டது, வெயில் இல்லை. அடையாறு டாக்டரிடம். ஆட்டோவில் நான், நித்யா, மடியில் பெட்டி.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். "இன்னா நைனா பொட்டியில, கீச்சு கீச்சுங்குது? கோழியா?"

"பூனைக்குட்டி."

"அட போ சார். பூனை குறுக்க வந்தாலே வண்டிய ஓரங்கட்டி ஒரு டீ சாப்ட்டு போறவன் நான். நீ உள்ளயே ஏத்திக்கினு வந்துட்ட." இறங்கும்போது முப்பது ரூபாய் கூடக் கேட்டார். எலுமிச்சம்பழம் வாங்கிச் சுற்றிப் போட வேண்டுமாம். மூன்று பூனை, பழத்துக்குப் பத்து ரூபாய். கணக்கு சரியாக இருந்ததால் கொடுத்துவிட்டேன்.

டாக்டர் நித்யாவைவிட நாலைந்து வயசு பெரியவளாக இருக்கலாம். சிரிக்காமல் பேசுகிற பெண். கண்ணுக்குச் சொட்டு மருந்து, சளிக்கு ஒரு மருந்து. உடம்பு முழுக்கத் தெள்ளுப்பூச்சி. "இந்த வயசுக்கு பவுடர், ஸ்ப்ரே எதுவும் போடாதீங்க. சீப்பால வாரி எடுங்க. தெள்ளு ரத்தம் குடிக்கும் சார். இதுங்க உடம்புல மொத்த ரத்தமே நாலு ஸ்பூன்தான். தினம் உதட்டைத் தூக்கி ஈறு பாருங்க. ரோஸா இருக்கணும். வெளுத்தா அன்னிக்கே கொண்டாங்க. அடுத்த நாள் வேணாம்."

நித்யா முந்திக்கொண்டாள். "அத அப்பா பார்த்துப்பார் டாக்டர். தி.நகர்ல பிளவுஸ் மேட்சிங் சென்டர்ல இருபத்தாறு வருஷம். ரோஸ்லயே முப்பது சொல்வார்."

சும்மா இருந்திருக்கலாம். பொடி ரோஸ், வெங்காய ரோஸ், மஞ்சள் சாய்ந்த பீச், ராணி என்று ஒப்பித்தேன்.

"எனக்கு வெங்காயம் போதும் சார்" என்றாள் டாக்டர்.

ஃபீஸ் 600. மருந்து 740. ஆட்டோ போக வர 380, பழம் உட்பட. கடைவாய்ப் பல்லுக்கு மூடி போட தீபாவளி போனஸில் எடுத்து வைத்த பன்னிரண்டாயிரத்தில் கை வைத்தாகிவிட்டது. இடது பக்கமாகவே சாப்பிட்டுப் பழகிவிட்டது, பரவாயில்லை.

தெள்ளு வார, செல்வியின் பேன் சீப்பு. "என் தலைய வார்ற சீப்புல பூனைய வார்றியா. நாளைக்கு எனக்கு மீசை மொளைச்சா நீதான் பதில் சொல்லணும்."

நவம்பர் 12, புதன்

மறுபடி மழை. நித்யா நங்கநல்லூர் கிளம்பிவிட்டாள், தோழி வீட்டுக்கு. வெள்ளி, சனி இரண்டு நாளும் பரீட்சை. சேர்ந்து படிக்க வேண்டுமாம். "போகட்டுமாப்பா? வேணாம்னா சொல்லு." போ போ என்றேன். பல் வைத்தியத்துக்கென்று கடையில் வாங்கிய லீவு இருக்கிறதே.

முதலாளி போன் பண்ணினார். "பல்லப் புடுங்கியாச்சா?"

"இன்னும் இல்ல அண்ணாச்சி, வீக்கம்."

"புடுங்காமலேவா பூன மாதிரி கத்துத?"

"பக்கத்து வீடு அண்ணாச்சி."

ஒரு வேளைக்கு வேலை: பால் கலக்கு. சூடு பார். ஊட்டு. முதுகைத் தடவு. ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் துடை, அப்போதுதான் ஒன்றுக்கு வரும். துணி மாற்று. மூன்றாவதை முடிப்பதற்குள் முதலாவது பசி என்று கத்தும். நித்யா பிறந்தபோது இதில் ஒன்றுகூட நான் செய்ததில்லை. செருப்பு மாட்டும்போது செல்வி அதைச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

கடுகு என் சட்டைப் பையில் மூத்திரம் போனான். பையில் இருந்தது பஸ் பாஸ்.

ஈறு: ஒவ்வொன்றாகப் பல்புக்குக் கீழே தூக்கிப் பிடித்து, உதட்டை விலக்கிப் பார்த்தேன். கடுகு ரோஸ். சாம்பல் ரோஸ். சந்தனம் பீச் சாய்ந்த ரோஸ். நித்யாவுக்கு அப்படியே மெசேஜ். "உன் கண்ணே கண்ணு" என்று பதில்.

நவம்பர் 13, வியாழன்

மழை. துணி எதுவும் காயவில்லை. வீட்டில் ஒரே நாற்றம்.

நித்யா என்னையும் சேர்த்துவிட்ட குழுவில் செலவு பற்றிக் கேட்டேன். பதினேழு பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர் "கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார் அங்கிள்". ஆசீர்வாதத்தை ஜிபே பண்ண முடியுமா என்று எழுதி, அழித்துவிட்டேன்.

சந்தனம் பால் குறைவாகக் குடித்தது. பாதி சிரிஞ்ச் தாடை வழியாக என் லுங்கிக்கு. வாரினால் தெள்ளு குறைந்த மாதிரியும் இல்லை. வாரிப் போட்டது தண்ணீர் டம்ளரில் மிதக்கிறது, எண்ணவில்லை.

ஈறு: பல்பில் பார்த்தேன். ரோஸ், ரோஸ், பீச். அனுப்பிவிட்டேன்.

செல்வி சாயங்காலம் பெட்டி ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றாள். "இந்த சின்னது இன்னாயா தூங்கிக்கினே கீது?"

"குட்டின்னா தூங்கும்."

"மத்த ரெண்டும் ஏறி மிதிக்குது, அது தலையத் தூக்கல."

"ஈறு பார்த்தேன். ரோஸ். கலர் எனக்குத் தெரியாதா?"

"ஆமா, உனக்குத் தெரியாத கலரா" என்று சமையலுக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 14, வெள்ளி

விடிந்ததும் கரண்ட் போனது. பல்பு அணைந்ததில் ஸ்டோர் ரூமில் ஒன்றும் தெரியவில்லை, பால் கொடுக்கப் பெட்டியை வாசல் பக்கம் தூக்கி வந்தேன். மழை விட்டு, நல்ல வெள்ளை வெளிச்சம். வந்தது வந்தோம் என்று உதட்டைத் தூக்கினேன்.

கடுகு ரோஸ். சாம்பல் கொஞ்சம் மங்கல். சந்தனம் வெள்ளை. பீச் இல்லை, கிரீம்கூட இல்லை. துவைத்த லைனிங் துணி.

ராத்திரியில் வெளுத்ததல்ல. மஞ்சள் பல்பு. அதன் கீழே எந்த வெள்ளையும் பீச்தான். எங்கள் தொழிலில் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவது இது ஒன்றுதான். புடவையையும் பிளவுஸ் பிட்டையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் காட்டு, உள்ளே லைட்டில் எல்லாம் பொருந்துகிற மாதிரிதான் இருக்கும், வீட்டுக்குப் போய்த் திட்டுவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை வாசலுக்கு நடக்கிறேன். எட்டு ரூபாய் புடவை ஃபால்ஸுக்குக்கூட நடக்கிறேன்.

ஆட்டோவில் சந்தனத்தை மட்டும் பனியனுக்குள் வைத்துக்கொண்டு போனேன். இந்த டிரைவர் எதுவும் கேட்கவில்லை.

டாக்டர் உதட்டைப் பார்த்ததும் கையுறை போட்டாள். "எப்பலேர்ந்து சார் இப்படி?"

"இன்னிக்குக் காலையிலதான் பார்த்தேன்."

பொய் இல்லை.

"ரத்தம் ஏத்திப் பார்க்கலாம். பாதிக்குப் பாதிதான். செலவும் ஆகும். வேணாம்னாலும் தப்பில்ல, யோசிச்சு சொல்லுங்க."

நித்யாவுக்கு போன். அணைத்து வைத்திருக்கிறாள், பரீட்சை ஹால். செல்விக்கு அடித்தேன். "என்னைக் கேக்கறதுக்கா போன் பண்ண? பண்ணப் போறத பண்ணு" என்றாள். டாக்டரிடம் பண்ணச் சொன்னேன்.

ரத்தம் கொடுக்க குழு மூலமாக ஒரு பூனை. பாலவாக்கத்திலிருந்து, ஏசி காரில், சொந்தக் கூடையில், சொந்தத் தலையணையோடு. பெயர் லட்டு. ஆறரை கிலோ. அதன் அம்மா, அதாவது அந்த மேடம், என்னிடம், "லட்டு காலையிலேர்ந்து பட்டினி சார், மயக்க ஊசிக்காக" என்று கண் கலங்கினார். நானும்தான் பட்டினி. அதைச் சொல்லவில்லை. லட்டுவின் கழுத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு முடி மழித்தார்கள். அதற்கும் சேர்த்து பில் 8,500.

சாம்பலுக்கும் இரும்புச் சத்து டானிக் கொடுத்தனுப்பினாள் டாக்டர். பல் நிதி முடிந்தது.

நவம்பர் 15, சனி

வெயில். விடிந்ததும் சந்தனத்தை வாசலுக்குத் தூக்கிப் போய்ப் பார்த்தேன். வெங்காய ரோஸ். நிஜமான வெங்காய ரோஸ். வீட்டுக்குள் வந்து, திரும்பவும் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். எதிர் வீட்டுக்காரர், "பூனைக்குப் பல்லு தேய்க்கிறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஒரு சிரிஞ்ச் பால் முழுசாக. என் விரலைக் கடித்தது. பல் முளைத்திருக்கிறது. எனக்குத்தான் மூடி இல்லை.

மத்தியானம் நித்யா பரீட்சை முடிந்து நேராக வந்தாள். பையைக்கூட இறக்காமல் சந்தனத்தை மடியில் எடுத்துக்கொண்டாள். குழுவில் எழுதியிருக்கிறாள்: அப்பா காலை வெளிச்சத்தில் கண்டுபிடித்தார், இல்லாவிட்டால் போயிருக்கும். கைதட்டல் படங்கள் நிறைய. இரண்டு பேர் தங்கள் பூனைகளின் ஈறைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டார்கள். இது என்ன ரோஸ் அங்கிள்? போட்டோவில் சொல்ல முடியாது, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள் என்று எல்லோருக்கும் எழுதினேன்.

நவம்பர் 16, ஞாயிறு

சந்தனம் போய்விட்டது. காலையில், நித்யா மடியில். பால் கொண்டு வந்தேன், வேண்டாம் என்று கை காட்டினாள்.

அவள் சத்தம் போட்டு அழவில்லை. செல்விதான் அழுதாள். நேற்று வரை அரிசி மூட்டைக்காகச் சண்டை போட்டவள்.

பின்பக்கம் முருங்கை மரத்தடியில். மண் ஈரம், தோண்டக் கஷ்டமில்லை. கடையிலிருந்து என்றோ கொண்டு வந்த வெட்டு பீஸ் ஒன்றில் சுற்றினேன். நிறம் பார்த்து எடுக்கவில்லை.

கடுகும் சாம்பலும் திரைச்சீலையில் ஏறி அதைக் கிழித்தன. யாரும் திட்டவில்லை.

நவம்பர் 17, திங்கள்

மேகமூட்டம். கடைக்குப் போனேன். கேட்ட எல்லோரையும் வாசலுக்கு அழைத்துப் போனேன். ஒரு அம்மா கருப்பு லைனிங் கேட்டார், அதையும் தூக்கிக்கொண்டு நடந்தேன். கல்லாவிலிருந்து அண்ணாச்சி, "கருப்புக்கு என்னவே வெளிச்சம்? பல்லோட மூளையையும் சேத்துப் புடுங்கிட்டானா?" கடையே சிரித்தது. நானும்.

திருவான்மியூரில் ஒரு குடும்பம் கடுகையும் சாம்பலையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்களாம், ஒரு மாதம் கழித்து. அதுவரை இங்கேதான். குழுவில் இன்றைக்கு வேறு இரண்டு குட்டிகள் வந்திருக்கின்றன. யார் வைத்துக்கொள்வது? இந்தத் தடவை நித்யா கை தூக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

ராத்திரிச் சாப்பாடு தோசை. டாக்டர் நித்யாவோடு பேசியிருக்கிறாள். ஈறு ஒரே நாளில் அப்படி வெளுக்காது, இரண்டு மூன்று நாளாவது ஆகியிருக்கும் என்றாளாம்.

"டாக்டருக்கு உன்னைத் தெரியாதுப்பா" என்றாள் நித்யா. "நீ ரோஸ்னு சொன்னா அது ரோஸ்தான். நான்தான் கிளம்பற அவசரத்துல ஒழுங்கா வாரல. ஒக்காந்து எல்லா தெள்ளையும் எடுத்துட்டுப் போயிருக்கணும்."

செல்வி, "அத்த வுடு. எழுதின பரீட்சைய நெனை" என்றாள்.

"இல்லம்மா. நான் வீட்ல இருந்திருந்தா பொழைச்சிருக்கும்."

தோசையைப் பிட்டு வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். இல்லை என்று நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். ஆறுது, சாப்பிடு என்றேன்.

சொல்லாதது: நான் வீட்டில்தான் இருந்தேன்.