சா வரிசையில் ஒரு சொல்

தாராவி,
2-2-64

அன்புள்ள அத்தானுக்கு,

செண்பகம் எழுதுவது. இருமல் குறைந்திருக்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். மிரஜ் ஆஸ்பத்திரியில் குளிர் எப்படி? கம்பளிச் சட்டை கிடைத்தது என்று ஒரு வரி போடக்கூடாதா?

கோவில்பட்டிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விடு என்று மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதில் அப்புறம். இப்போது வேறு சேதி. பொங்கலுக்கு நம் தெருவில் சொல் போட்டி வைத்தார்கள். சீட்டில் ஓர் எழுத்து வரும். இரண்டு பேரும் அந்த எழுத்தில் தொடங்கும் சொற்களை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். மணி அடிப்பதற்குள் சொல் வராதவர் தோற்றவர். நாம் அடுப்படியில் விளையாடுவோமே, அதேதான். நான் ஜெயித்துவிட்டேன்.

இருபத்துமூன்றாம் தேதி மாதுங்காவில் பெரிய போட்டி. செம்பூர், தாணேயிலிருந்தெல்லாம் வருகிறார்களாம். போன வருஷம் ஜெயித்த விசாலாக்ஷி அம்மாள் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவர். அவருக்கு முன்னால் நான் எந்த மூலைக்கு? பக்கத்து வீட்டு அக்தர் பானு அக்கா, "ஏட்டி, போயிட்டுத்தான் வாயேன், நான் தொணைக்கு வாரேன்" என்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள்,
செண்பகவல்லி


மிரஜ்,
9-2-64

அன்புள்ள செண்பகத்துக்கு,

சட்டை வந்தது. பெரிதாக இருக்கிறது. சட்டை மேல் தப்பில்லை, நான்தான் சிறுத்துவிட்டேன்.

போட்டிக்குப் போ. தோற்றால் தோற்றுவிட்டு வா. அவசரப்பட்டால் நீ சொன்ன சொல்லையே திரும்பச் சொல்லுவாய், அதை மட்டும் பார்த்துக்கொள்.

முடிந்ததும் கோவில்பட்டிக்கு டிக்கெட் எடு. இந்த நெஞ்சு எப்போது தேறும் என்று டாக்டருக்கே தெரியவில்லை. நீ சின்னவள். ஒரு சீக்காளிக்காக அந்த அறைக்குள்ளே தனியாகக் கிடக்க வேண்டாம். இங்கேயும் வராதே. தீபாவளிக்கு வந்தபோது பார்க்காமல் திருப்பி அனுப்பினேன். மறுபடி வந்தாலும் அப்படித்தான்.

வெயிலுமுத்து


தாராவி,
24-2-64

அன்புள்ள அத்தானுக்கு,

தோற்றுவிட்டேன். ஆனால் கடைசி ஆட்டத்தில்தான்.

முதலில் செம்பூரிலிருந்து வந்த ஓர் ஆபீஸ்காரர். கோட்டுப் போட்டிருந்தார். 'மு' வரிசையில் முருங்கை, முறுக்கு, முந்தானை என்று நான் சமையலும் துணியுமாக அடுக்க, அவர் திணறிப்போனார். அடுத்து தாணேயிலிருந்து வந்த காலேஜ் மாணவி. மடமடவென்று சொல்கிறாள், எனக்கு மூச்சு முட்டியது. நீங்கள் சொன்னதை நினைத்து நிதானமாகவே போனேன். அவள்தான் சொன்னதையே சொல்லி அவுட் ஆனாள்.

கடைசியில் விசாலாக்ஷி அம்மாள். எழுத்து 'சா'. சாதம், சாலை, சாவி, சாயம், சாட்டை, சாக்கு என்று நெடுநேரம் போயிற்று. என் முறை வந்தது. அத்தான், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒரே ஒரு சொல்தான் வந்தது. வேறு எதை நினைத்தாலும் அதுவே முன்னால் வந்து நின்றது. வாயை இறுக மூடிக்கொண்டேன். மணி அடித்துவிட்டது.

அப்புறம் அந்த அம்மாள் என்னிடம் வந்து, "ஏம்மா, உசிர் போறதைச் சொல்ற சொல் ஒண்ணு இருக்கே. அதுகூடவா ஞாபகம் வரல்லே?" என்று கேட்டார்.

"வந்துச்சும்மா. எங்க வீட்டுக்காரவுக நெஞ்சு நோவுன்னு மிரஜ் ஆஸ்பத்திரியில கெடக்காக. எனக்குச் சொல்ல மனசு வரல."

அவர் பஸ் வரும் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றார்.

கோவில்பட்டிக்கு இதுதான் பதில். நான் போகமாட்டேன். திட்டுவதானால் திட்டி எழுதுங்கள்.

உங்கள்,
செண்பகவல்லி


மிரஜ்,
28-2-64

என் செண்பகத்துக்கு,

பைத்தியக்காரி. சாவு. இதோ, நானே எழுதிவிட்டேன். எழுதிய பிறகும் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு சொல் என்னைக் கொண்டுபோகாது. அதைச் சொல்லி நீ ஜெயித்திருக்கலாம்.

இப்படித் திட்டத்தான் காகிதத்தை எடுத்தேன். ஆனால் உன் கடிதத்தைப் படித்து முடித்ததிலிருந்து எனக்குக் கோபம் வரவில்லை. பக்கத்துக் கட்டில் நம்பிராஜனுக்கு வாசித்துக் காட்டினேன். "அண்ணாச்சி, இந்தப் பிள்ளையையா ஊருக்குப் போவச் சொல்லுதீய?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நான் இளைத்துக் கறுத்துப்போய்விட்டேன், செண்பகம். பார்த்தால் பயப்படுவாய். அதற்காகத்தான் வராதே வராதே என்று எழுதினேன். பயந்தாலும் பரவாயில்லை, வா.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். நீ சீக்கிரமே வந்துவிடுவாய், எனக்குத் தெரியும். வெயிலில் நிற்காதே. வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு உண்டு. மத்தியானத்திலிருந்தே நான் அங்கே உட்கார்ந்திருப்பேன்.

உன்
வெயிலுமுத்து