இருவருக்கும் ஒரே சிம்

மார்ச் 3

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பொருள்: வெளிநாட்டுப் பயணம் – கைப்பேசி ஏற்பாடு – தொடர்பாக.

வணக்கம். இங்கு நலம். அங்கும் அவ்வாறே இருக்கும் என நம்புகிறேன்.

உங்கள் மகளும் என் மகனும் நம் இருவருக்கும் ஒரே விமானத்தில், அடுத்தடுத்த இருக்கையில் டிக்கெட் எடுத்திருப்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். என்னை யாரும் கேட்கவில்லை. மே 2 புறப்பாடு. பிரசவ தேதி மே 20. தங்கள் டிரைவிங் ஸ்கூல் வேலையை முன்னிட்டுத் தங்களுக்கு மே 24-ல் திரும்பும் டிக்கெட். நான் ஓய்வு பெற்றவள், எனக்கு ஆகஸ்டில். என் வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி, அவர் வரவில்லை.

அங்கே இறங்கியதும் நம் கையில் வேலை செய்யும் போன் இருக்க வேண்டும் என்கிறான் மகன். "ரெண்டு பேரும் பேசி, செலவு கம்மியா ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணுங்கம்மா" என்றான். பேச வேண்டியதில்லை, எழுதிக்கொண்டால் போதும் என்று நான் நினைக்கிறேன். முப்பத்தோரு வருடம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவள் நான். எழுத்தில் இருப்பதை யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

தங்கள் கருத்தைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளையின் தாயார்

மார்ச் 9

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மூன்று வருடத்தில் உங்களிடமிருந்து வந்த இரண்டாவது கடிதம். முதலாவது, கல்யாண ஆல்பத்தில் பன்னிரண்டாம் பக்கம் கிழிந்திருப்பது பற்றி. அதை நான் கிழிக்கவில்லை என்று இப்போதும் சொல்கிறேன்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருமுனையில் மொபைல் கடை வைத்திருப்பவர் ஆறடி இரண்டங்குலம், ஊரே அவரை 'டவர்' என்றுதான் கூப்பிடும். வகுப்பு முடிந்ததும் காரை அவர் கடை வாசலில் நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டேன். நம்ம சிம்மையே எடுத்துக்கொண்டு போகலாமாம், ரோமிங். ஆனால் அங்கே போய் 'ஹலோ' என்று ஒரு வார்த்தை சொன்னால் இங்கே சொத்தை விற்க வேண்டிவரும். இல்லையென்றால் இ-சிம். "அப்படின்னா என்ன?" என்றேன். "கையில எதுவும் குடுக்க மாட்டோம்க்கா, எல்லாம் போனுக்குள்ளயே வந்துரும்" என்றார். "காசு மட்டும் கையில வாங்கிப்பீங்களா?" என்று கேட்டேன். டவர் சிரிக்கவில்லை.

எனக்குப் பிடித்தது 'இருவர் பேக்'. இரண்டு சிம், ஒரே விலை. அந்த இரண்டு சிம்முக்குள்ளே எவ்வளவு பேசினாலும் இலவசம்! நீங்கள் ஓர் அறையில், நான் ஓர் அறையில் இருந்தால்கூடப் பேசிக்கொள்ளலாம். வாங்கிவிடட்டுமா?

அன்புடன்,
உங்கள் சம்பந்தி

மார்ச் 16

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பார்வை: தங்களின் மார்ச் 9 கடிதம்.

1. ரோமிங்: பாங்கிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸுக்காகப் பழைய சிம்மைப் போனில் வைத்திருக்கலாம். டேட்டாவை மட்டும் விமானம் ஏறுமுன் அணைத்துவிட வேண்டும். எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு அணைக்க மறந்து, திரும்பி வந்ததும் பில்லைப் பார்த்து நாற்காலியோடு சாய்ந்தார்.

2. இ-சிம்: தங்கள் போனும் என் போனும் அதை ஏற்கா. மகனிடம் மாடல் எண்ணைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

3. இருவர் பேக்: அதில் நமக்குள் பேசும் வசதிக்காகத்தான் விலையை ஏற்றியிருக்கிறார்கள். நமக்குள் பேச எதுவும் இல்லாதபடியால் அந்த வசதி தேவையில்லை.

ஆல்பத்தின் பன்னிரண்டாம் பக்கத்தைக் கிழித்தது என் வீட்டுக்காரர் என்று பின்னர் தெரியவந்தது. தெரிவிக்க விடுபட்டுவிட்டது.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் தாயார்

மார்ச் 22

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

மூன்றாவது பாயிண்டை நான்கு தடவை படித்தேன். பேச எதுவும் இல்லையா? நமக்கு ஒரு பேரனோ பேத்தியோ வரப்போகிறது!

நானும் மூன்று வருடமாக வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் உங்கள் வீட்டுக்காரர்தான் எடுத்து, "அவ குளிக்கிறா" என்கிறார். மூன்று வருடமாகவா ஒருத்தி குளிப்பாள்? என்ன கோபம் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று உங்கள் வீட்டுக்காரரைப் பந்தி பரிமாற வந்தவர் என்று நினைத்து, "தண்ணி எடுத்துட்டு வாப்பா" என்று விரட்டினேன். பாவம், அவரும் போய் எடுத்துக்கொண்டு வந்தார். தப்புதான். அவர் அன்று கட்டியிருந்த வேட்டிக்கும் அதில் பங்கு உண்டு. அதற்காக இத்தனை வருடமா?

அதுதான் காரணமா, வேறு ஏதாவதா? மனசில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள். பதினான்கு மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போகணும். சும்மா இருந்தால் எனக்கு மூச்சு முட்டும்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி

மார்ச் 29

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தண்ணீர் விஷயத்தில் எனக்கு வருத்தம் இல்லை. என் வீட்டுக்காரர் அதை இன்றும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார்.

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள், காலை 10.20-க்கு நான் தங்களுக்குப் போன் செய்தேன். பிள்ளைகள் வெளிநாடு கிளம்பும் முன் ஒரு வாரம் எங்களோடு தங்கட்டுமா என்று கேட்பதற்காக. கை பழக்கம், கேட்டதை அப்படியே சுருக்கெழுத்தில் எடுத்துவிட்டேன். கீழே தருகிறேன்.

நான்: "சம்பந்தியம்மா, பிள்ளைங்க கிளம்புறதுக்கு முன்னால ஒரு வாரம் இங்க வந்து இருக்கட்டுமா?"

தாங்கள்: "கண்ணு தெரியலையா உனக்கு? நீ பாட்டுக்கு உள்ள நுழையிறே!"

நான்: "என்ன சொல்றீங்க?"

தாங்கள்: "பின்னால போ! இன்னும் பின்னால! என்ன, உங்க அப்பன் வீட்டு ரோடா இது?"

நான்: (மௌனம்)

தாங்கள்: "போதும், நிறுத்து!"

நிறுத்திவிட்டேன். என் தந்தைக்குச் சொந்தமாக ரோடு எதுவும் இருந்ததில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பவராக இருந்தார். பிள்ளைகளின் நிம்மதி கெடக்கூடாது என்று இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் தாயார்

ஏப்ரல் 3

என் சம்பந்தியம்மா,

கடிதத்தைக் காருக்குள் உட்கார்ந்து படித்தேன். சிரித்த சிரிப்பில் முழங்கை ஹாரனில் பட்டு, முன்னால் போன ஆட்டோக்காரர் இறங்கி வந்து சண்டைக்கு நின்றார். அவர் போனபிறகு உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருந்த இடத்தை மறுபடி படித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

அது உங்களுக்குச் சொன்னது அல்ல! அன்று என்னிடம் வண்டி ஓட்டப் பழகியது ஒரு பல் டாக்டர். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நீங்கள் பேச ஆரம்பித்த நேரம் பார்த்து அந்த மனுஷன் ஒருவழிப் பாதையில் எதிரே நுழைந்துவிட்டார். முன்னால் ஒரு தண்ணீர் லாரி. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தினேன். பயத்தில் எனக்கு டாக்டர், வக்கீல் எல்லாருமே 'நீ'தான். லாரி போனதும் பார்த்தால் லைன் இல்லை. சிக்னல் கட்டாகிவிட்டது என்று நினைத்து இரண்டு தடவை அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை.

நீங்கள் கேட்ட முதல் கேள்வி என் காதில் விழவே இல்லை. விழுந்திருந்தால் ஒரு வாரம் என்ன, ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள் என்றிருப்பேன். அந்த ஒரு வாரம் உங்களுக்குக் கிடைக்காமல் போய்விட்டதே. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இதையும் எழுத்தில்தான் கேட்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

போனுக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். அங்கே போனதும், ஏர்போர்ட்டில் வாங்காமல் (அங்கே இரட்டிப்பு விலையாம்), ஊருக்குள் ஒரு கடையில் ஒரே ஒரு சிம். அதை என் போனில் போட்டு ஹாட்ஸ்பாட் திறந்தால், அதே நெட்டில் உங்கள் போனும் ஓடும். இருப்பதிலேயே மலிவு இதுதான். டவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "ரெண்டு பேரும் பக்கத்துலயே இருக்கணும்க்கா. பத்தடி தாண்டினா கஷ்டம்."

முடியுமா?

உங்கள் சம்பந்தி

ஏப்ரல் 8

சம்பந்தியம்மா,

தங்கள் கடிதம் கண்டேன். இரண்டு நாள் அதற்குப் பதில் டைப் செய்ய வரவில்லை. ஆகவே கையால் எழுதுகிறேன், கையெழுத்து மோசமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "மூணு வருஷமா என்னைக் குளிக்கிறா குளிக்கிறான்னு பொய் சொல்ல வெச்சியே" என்று கோபித்துக்கொண்டார்.

ஒரே சிம் எனக்குச் சம்மதம். பத்தடியும் சம்மதம். எட்டடி என்றாலும் சரிதான். பாஸ்வேர்டு மட்டும் நான் வைப்பேன்.

சம்பந்தி

மே 24, விமான நிலையம்

அன்புள்ள சம்பந்தி,

நீங்கள் மாப்பிள்ளையோடு காபி வாங்க வரிசையில் நிற்கிறீர்கள். அதற்குள் இதை எழுதி உங்கள் கைப்பையில் வைத்துவிடுகிறேன்.

தேதி தாண்டி நாலு நாள் ஆகிறது. வயிற்றுக்குள் இருப்பது யார் பேச்சையும் கேட்பதாக இல்லை. நான் போய்த்தான் ஆகவேண்டும். டிரைவிங் ஸ்கூல் பெர்மிட்டைப் புதுப்பிக்க ஓனரான நானே நேரில் வந்து கையெழுத்துப் போடணுமாம். தள்ளிப்போட முடியாதா என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன். அதைக் கோட்டைவிட்டால் பன்னிரண்டு வருட உழைப்பு வீண். என் மகளின் அப்பா போனபிறகு எங்களுக்குச் சோறு போட்ட வண்டி அது. அவளும் "போயிட்டு வாம்மா, அத்தை இருக்காங்க" என்றுதான் சொல்கிறாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். அவள் வலியில் கத்த மாட்டாள், உதட்டைக் கடித்துக்கொள்வாள். கையைப் பிடித்தால் அவளுக்குப் பிடிக்காது. இடுப்புக்கு மேலே, முதுகில், உள்ளங்கையால் தேய்த்துவிடணும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

சிம்மைக் கழற்றி இந்தக் காகிதத்தில் ஒட்டியிருக்கிறேன். உங்கள் போனில் போட்டுக்கொள்ளுங்கள். இன்னும் ஆறு நாள் வேலை செய்யும். ஊருக்குப் பேச அதில் ஐந்து நிமிஷம் மிச்சம் இருக்கிறது. மாப்பிள்ளை போனில் பேசலாம் என்பீர்கள். வேண்டாம். நீங்களே சொல்லுங்கள். உங்கள் வாயால் கேட்கணும்.

ஒன்று கேட்க மறந்தேன். அன்றைக்குக் காய்கறிக் கடையிலிருந்து வரும்போது நீங்கள் பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள், கதவு மூடிவிட்டது, சிம்மோடு நான் கீழே. இரண்டு ஸ்டாப் ஓடினேன், மீதித் தூரத்துக்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். கடைசி ஸ்டாப்பில் பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் கிழித்துப் போட்டீர்கள். என்ன அது?

காபியோடு வருகிறீர்கள். கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன்.

உங்கள் சம்பந்தி

ஜூன் 1

அன்புள்ள சம்பந்திக்கு,

முதலில் பஸ் விஷயம். கையில் போன் இருந்தும் அது சிலேட்டுப் பலகைபோல் செத்துக் கிடந்தது. பாஷை தெரியாத ஊர். டிரைவர் கடைசி ஸ்டாப்பில் இறக்கிவிட்டு எதையோ சொல்லிவிட்டுப் போனார். எழுந்து தேடப் போனால் இன்னும் தொலைந்துபோவேன் என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் வருவீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வந்ததும் திட்டுவதற்காகப் பதினோரு பாயிண்ட் எழுதினேன். ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில், தலைமுடி கலைந்து ஓடிவந்தீர்கள். "ஏறுறதுக்கு முன்னாடி திரும்பிப் பாக்க மாட்டீங்களா! உயிரே போயிருச்சு!" என்று நடுத்தெருவில் என்னைப் பார்த்துக் கத்தினீர்கள். இந்தத் தடவை எனக்குத்தான் சொன்னீர்கள் என்று தெளிவாகத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை வலி எடுத்தது. நீங்கள் எழுதியபடியே உதட்டைக் கடித்துக்கொண்டாள். கையைத் தொடவில்லை. இடுப்புக்கு மேலே, உள்ளங்கையால், ஐந்து மணி நேரம். என் வலது கையை இன்னும் தூக்க முடியவில்லை, அதனால் கோணல் எழுத்து. நடுவில் தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருத்தி வந்து, "நீங்க இவங்க அம்மாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த நேரத்தில் திருத்திச் சொல்லத் தோன்றவில்லை. நீங்கள் மன்னிக்க வேண்டும்.

மதியம் மூன்றே காலுக்குப் பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு கிராம். தலை நிறைய முடி. அழுகை மட்டும் உங்கள் குரல், தெருமுனை வரை கேட்கும்.

மகன், "நீங்களே அத்தைகிட்ட சொல்லுங்கம்மா" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னோடு வராந்தாவுக்கு வந்தான். நீங்கள் முதல் மணியிலேயே எடுத்தீர்கள். நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று மனதில் அடுக்கி வைத்திருந்தேன். 'சம்பந்தி' என்றுகூட வாயில் வரவில்லை. குழந்தை அழுதது. அந்தப் பக்கம் நீங்கள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நானும் உறிஞ்சினேன். மகன், "பேசுங்கம்மா, பேசுங்கம்மா" என்று என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தான். ஐந்து நிமிஷமும் தீர்ந்து லைன் போய்விட்டது. அதன்பிறகு அவன் போனிலிருந்து அவன் சொன்னதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

சாயங்காலம் உங்கள் மகள் கண் விழித்தாள். குழந்தையைக்கூட இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

"அத்தை, அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்மா" என்றேன்.

நிம்மதியாகத் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டாள். நாம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதை அவளிடம் நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் சம்பந்தி