சம்பந்தியிடம் சொல்ல வேண்டிய மூன்று வாக்கியங்கள்

ஜூன் 4, புதன்

விடியற்காலை முதல் சாரல். கொடியில் போட்ட வேட்டி இரண்டு நாளாகக் காயவில்லை. வாங்க வேண்டியவை: பிரஷர் மாத்திரை, குடைக்கு கம்பி, வெள்ளை அட்டை நூறு.

மாலை ஆறு மணிக்கு ஸ்பானிஷ் வகுப்பு. போனில்தான். என்னைத் தவிர எட்டுப் பேர், எல்லோரும் என் மகன் வயதுக்கும் கீழே. இன்று புதுப் பாடம். செய்கிறவனும் செயலை வாங்கிக்கொள்கிறவனும் ஒரே ஆளாக இருக்கும் வினைகள். உடுத்திக்கொள், சீவிக்கொள் என்று நாம் பின்னால் ‘கொள்’ போடுவது மாதிரி அவர்கள் முன்னால் ‘மே’ போடுகிறார்கள். மே லெவாந்தோ, எழுகிறேன். மே பாஞ்ஞோ, குளிக்கிறேன். இதுவரை புரிந்தது.

டீச்சர் என் பெயரைச் சொல்லிக் கேட்டார்: காலையில் என்ன செய்வீர்கள்? ‘மே’யை விட்டுவிட்டு ‘லாவோ’ என்றேன். கழுவுகிறேன். “எதை? காரையா?” என்றார் டீச்சர். எட்டுப் பேரும் சிரிப்பு. காது சூடாகிவிட்டது. போனை அணைத்தேன்.

மனைவி சரோஜத்திடம் (இனி ச.) நெட் போய்விட்டது என்றேன். “நெட் போச்சுன்னா எனக்க போன்ல எப்பிடி சீரியல் ஓடுது?” என்றாள்.

இந்த வயதில் இது எதற்கு என்று நானே இங்கே எழுதி வைக்கிறேன், நாளைக்கு மனம் மாறாமல் இருக்க.

இரண்டு வருடம் முன்பு மகன் ராஜன் கல்யாணம், ஸ்பெயினில், மருமகள் மார்த்தாவின் ஊரில். அவள் அப்பா ராமோன், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னைக் கட்டிப்பிடித்தார், தட்டை நிரப்பினார், மணிக்கணக்கில் பேசினார். நான் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். நம் ஊரில் மாப்பிள்ளையின் தகப்பன் வாய் திறக்காமல் இருந்தால் மரியாதைக்காரர் என்பார்கள். அதைத்தான் செய்ததாக நினைத்தேன். உண்மையில் பயமும்தான். ஒரு சொல் தெரியாது.

போன மாதம் ராஜன் பேச்சுவாக்கில் சொல்கிறான்: எனக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கவில்லை, கோபம் என்றே ராமோன் இன்றுவரை நம்புகிறாராம். இரண்டு வருடம்! பெண்ணைக் கொடுத்தவர் இப்படி நினைத்துக்கொண்டு எப்படித் தூங்கினாரோ. “நான் சொல்லியாச்சுப்பா, எங்க அப்பா அப்பிடித்தான்னு” என்கிறான். அது இன்னும் மோசம்.

13-ஆம் தேதி மூவரும் வருகிறார்கள். என் வாயால் சொல்ல வேண்டும். மூன்றே வாக்கியம்:
1. நான் கோபப்படவில்லை.
2. வாயடைத்துப் போனேன்.
3. சந்தோஷப்பட்டேன்.

டீச்சர் கொடுத்த பட்டியலைப் பார்த்தேன். மூன்றும் இதே ‘மே’ வினைகள். ஆகவே தப்பிக்க வழியில்லை.

ஜூன் 6, வெள்ளி

அட்டை கிடைத்தது. ஒரு அட்டைக்கு ஒரு வினை. கல்லூரி நூலகத்தில் முப்பத்துநாலு வருடம் அகரவரிசையில் அடுக்கிய கை. பழக்கதோஷத்தில் அதே மாதிரி அடுக்கினேன். உதவவில்லை. தூங்குவது முன்னால் வந்துவிடுகிறது, எழுவது எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் கலைத்துக் கடிகார வரிசையில் வைத்தேன். எழு, பல் தேய், சவரம், குளி, உடுத்து, உட்கார். ஒவ்வொன்றையும் செய்யும்போது அந்த அட்டையைச் சொல்வது.

சவரம் பாதியில் ச. எட்டிப் பார்த்தாள். “ஆருகிட்ட பேசுதியோ?”

“கண்ணாடிகிட்ட.”

“அதாவது பதில் சொல்லுதா?”

ஜூன் 7, சனி

மழை இல்லை. காற்று ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து ஆளைத் தள்ளுகிறது.

டீச்சரிடம் நெட் கதை சொல்லாமல் உண்மையைச் சொல்லி வகுப்பில் சேர்ந்தேன். கேமராவும் திறந்தேன். இன்று ‘மே வோய்’. போகிறேன். எல்லோரும் சொன்னார்கள். எனக்கு நாக்கு எழவில்லை. எங்கள் வீட்டில் படியிறங்கும்போது யாரும் போகிறேன் என்று சொன்னதே கிடையாது. ‘வாறேன்’ தான். அப்படிச் சொல்ல உங்களிடம் வழி உண்டா என்று கேட்டேன், உடைந்த உடைந்த ஸ்பானிஷில். ஏன் என்றார். விளக்கினேன். லூதியானாப் பெண் ஒருத்தி, எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றாள். டீச்சர் யோசித்து ஒரு வாக்கியம் கட்டிக் கொடுத்தார்: மே வோய் இ வுயெல்வோ. போய்த் திரும்புகிறேன். வகுப்பு முடிவில் எட்டுப் பேரும் அதைச் சொல்லித்தான் போனார்கள். என்னால் ஒரு வகுப்பு மாறியது. இதை ச.-விடம் இரண்டு தடவை சொன்னேன்.

ஜூன் 10, செவ்வாய்

இறந்த காலம். நானே வைத்துக்கொண்ட தேர்வில் முப்பதுக்குப் பத்தொன்பது. மதியம் மறுபடியும்: இருபத்தேழு. நம்ப முடியாமல் மூன்றாம் முறை திருத்தினேன். இருபத்தேழுதான். ஆனால் இதெல்லாம் கண்ணாடி முன்னால். ஆள் முன்னால் வருமா?

ஜூன் 13, வெள்ளி

திருவனந்தபுரம் விமானம் ஒரு மணி நேரம் தாமதம். வந்துவிட்டார்கள்.

அன்று கட்டிப்பிடித்த மனிதர் இன்று இரண்டடி தள்ளி நின்று கைகூப்பினார். யாரோ சொல்லிக் கொடுத்த மாதிரி, ஜாக்கிரதையாக. எனக்கு அது நெஞ்சில் தைத்தது.

மதியம் எரிசேரி, அவியல், பழப்பிரதமன். ச.-வுக்கு மொழியே தேவைப்படவில்லை. “மட்டிப்பழம் இன்னொண்ணு எடுங்கோ, சின்னதுதானே” என்று தமிழில் சொல்கிறாள், அவர் ஸ்பானிஷில் என்னமோ சொல்லி எடுக்கிறார். எட்டுப் பழம். என் பக்கம் திரும்பினால் மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. சட்டைப் பையில் மூன்று அட்டை. மூன்று தடவை வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் ராஜன், “என்னப்பா வேணும்? நான் சொல்லுதேன்” என்று முன்னால் வந்தான். தண்ணீர் வேண்டும் என்றேன். மூன்று தம்ளர் குடித்தேன்.

கோழை. வேறு சொல் இல்லை.

ஜூன் 14, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை எட்டுக்கு காரில் திற்பரப்பு. அருவியில் நல்ல தண்ணீர். ச.-வும் மார்த்தாவும் பெண்கள் பக்கம். ராஜன் மேலே மண்டபத்தில் யாருக்கோ வீடியோ பிடித்து அனுப்புகிறான். ராமோனுக்கு (ரா.) ஒரு துண்டு கொடுத்தேன், தலையில் நல்லெண்ணெய் வைக்கக் காட்டிக் கொடுத்தேன். சட்டையும் அட்டைகளும் காரில். தண்ணீரடியில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது: மொழிபெயர்க்க ஆள் இல்லை. இதைவிட்டால் வாய்ப்பு கிடையாது.

சொன்னேன். என் காதுக்கே கேட்கவில்லை. அருவி அப்படி. ரா. கையைக் காதில் வைத்தார்.

மறுபடி சொன்னேன். தலையாட்டினார், கேட்கவில்லை என்று.

நான் யார்மேலும் சத்தம் போட்டவன் இல்லை. பிள்ளையிடம்கூட. அடிவயிற்றிலிருந்து கத்தினேன். “நோ மே என்ஃபாதே!” கோபப்படவில்லை! குளித்துக்கொண்டிருந்த பத்திருபது பேர் திரும்பினார்கள். திரும்பட்டும். “மே காயே!” வாயடைத்துப் போனேன்! நெஞ்சில் அடித்துக் காட்டினேன். “மே அலெக்ரே! மூச்சோ! மூச்சோ!” சந்தோஷப்பட்டேன், ரொம்ப!

ரா. அசையாமல் நின்றார். தண்ணீரில் முகம் தெரியவில்லை. பிறகு என்னைவிடப் பெரிய குரலில் ஒரே வாக்கியம். “மே அசுஸ்தே!”

அட்டை இல்லாமலே புரிந்தது. பயந்துபோனேன் என்கிறார். என்னைப் பார்த்துப் பயந்து, அந்தப் பயத்தில்தான் அன்று அவர் ஓயாமல் பேசியது. ஒருவன் பயத்தில் பேசினான், ஒருவன் பயத்தில் பேசவில்லை. அதற்கு இரண்டு வருடம்.

கட்டிப்பிடித்தார். எண்ணெய் உடம்பு, வழுக்கியது. மறுபடி பிடித்தார். பக்கத்தில் ஒரு குரல்: “ஏலே, அங்க பாரு, வெள்ளக்கார சாயிப்பு பெரியவரப் பிடிச்சி அமுக்குதான்!” இன்னொரு குரல்: “இல்ல மக்கா, அவரும் சிரிக்காரு.”

வரும் வழியில் காரில் இரண்டு பேரும் பின் சீட்டில். எழுகிறேன், குளிக்கிறேன், சவரம் செய்கிறேன் எல்லாவற்றையும் அவருக்கு ஒப்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் தொடையில் தட்டினார். ராஜன் முன்னாலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தான். இரண்டாவது வாக்கியத்தில் உச்சரிப்பு தப்பு என்று பிறகு மார்த்தா சொன்னாள். குறித்துக்கொண்டேன். கவலையில்லை.

ஜூன் 15, ஞாயிறு

நல்ல வெயில். வேட்டி காய்ந்தது. மட்டிப்பழம் ஒரு குலை வாங்க வேண்டும், ரா. காலையிலேயே ஆறு.

பத்து மணிக்கு எதிர்வீட்டுச் சுடலைமுத்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கேட்டவர் சொல்லி ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

“அண்ணாச்சி, நேத்து திற்பரப்புல சம்பந்திகூட பெரிய சண்டையாமே? போட்டு அந்தக் கத்து கத்துனியோன்னு எனக்க மச்சினன் சொல்லுதான். நீங்களா? நான் நம்பல.”

வேறு நாளாக இருந்தால் அரைமணி நேரம் நின்று விளக்கம் சொல்லியிருப்பேன்.

“நான்தான். இன்னும் ஒரு வாரம் இருக்காரு. பேசி முடியல” என்றேன்.

சத்தம் போட்டதாக என்மேல் புகார். எழுபத்தொரு வயதில் முதல் புகார். மறுக்கவில்லை.