பதினான்கு கூண்டுகள்

மார்ச் 4

அடியே வாலு,

புது வேலை, புது வீடு எல்லாம் பழகிவிட்டதா? இங்கே ஆய்வகத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆண் எலியோடு சேர்த்துப் பன்னிரண்டு நாளான சுண்டெலிகளை இன்று பரிசோதித்தோம். ஒன்றில்கூடக் கரு தங்கவில்லை. பதினான்கிலும்! தீனி, தண்ணீர், வெளிச்சம், எதிலும் குறையில்லை. "நீங்கதானே பொறுப்பு? என்ன பண்ணி வச்சீங்க?" என்று டாக்டர் எல்லார் முன்னாலும் கத்தினார். வேலையே போய்விடும்போல இருக்கிறது. ஐந்து வருஷம் என்னோடு அந்த எலியறையில் கிடந்தவள் நீ. மூளையைக் கசக்கி ஏதாவது சொல்லேன்.

உன்
பொடி

மார்ச் 8

அன்புள்ள பொடிக்கு,

படித்ததும் நெஞ்சு பக்கென்றது. அந்நிய ஆண் எலியின் வாசனை பட்டிருக்கும். கர்ப்பமாகி நாலைந்து நாளுக்குள் என்றால் சுண்டெலிக்கு அதுவே போதும். மூளை அனுப்பும் ஹார்மோன் குறைந்துவிடும். அது குறைந்தால் சூலகம் புரோஜெஸ்டிரோனை நிறுத்திவிடும். அப்புறம் கருப்பை எப்படிக் கருவைப் பிடித்துவைக்கும்? ஆண் எலிகள் இருந்த கூண்டைக் கழுவாமல், மரத்தூளை மாற்றாமல் யாராவது இவற்றுக்குக் கொடுத்திருப்பார்கள். யாரென்று தோண்டிக்கொண்டிருக்காதே. டாக்டர் இரண்டு நாள் குதிப்பார், அப்புறம் அடங்கிவிடுவார். வேளைக்குச் சாப்பிடு.

என்றும் உன்
வாலு

மார்ச் 13

வாலு,

நீ சொன்னதை டாக்டரும் ஒத்துக்கொண்டார். உடனே கூண்டு மாற்றும் பதிவேட்டைக் கேட்டார். பிப்ரவரி 23, பதினான்கு கூண்டுகளும் மாற்றப்பட்டன என்று என் கையெழுத்து! அன்று நான் பல் பிடுங்கிக்கொண்டு வீட்டில் கிடந்தேன். என் கையெழுத்தின் கடைசிச் சுழியை அப்படி மேலே இழுப்பவள் நீ ஒருத்திதான். அன்று உனக்குக் கடைசி நாள், பஸ்ஸுக்கு அவசரம்.

அவசரத்தில் செய்தது போகட்டும். ஒருத்தி வராத நாளில் மற்றவள் கையெழுத்துப் போடுவது நம் வழக்கம்தான். உனக்காக நானும் எத்தனை தடவை போட்டிருக்கிறேன்! ஆனால் என் கடிதத்தைப் படித்ததுமே உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், வேளைக்குச் சாப்பிடு என்று எழுத உனக்கு எப்படியடி மனசு வந்தது?

"இது உங்க கையெழுத்துதானே?" என்றார் டாக்டர். இல்லையென்றால் ஐந்து வருஷப் பதிவும் பொய்யென்றாகும், உன் புது வேலையும் போகும். "ஆமா சார்" என்றேன். நேற்று அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

இனி எனக்கு எழுதாதே.

பொடி